கைப்பட்டைக் கொத்து

கடையில் பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினால் 'பீப்' என்கிறது, முடிந்தது வேலை. பிஸ்கட்டுக்கு வியர்க்காது. பிஸ்கட் கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்காது. பிஸ்கட்டின் மணிக்கட்டில் டிரிப்ஸ் ஊசியும் அதன்மேல் நாலு சுற்றுப் பிளாஸ்திரியும் இருக்காது. இதையெல்லாம் யோசிக்காத யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனர் வாங்கிக் கொடுத்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாட்டிக்கொண்டது நாங்கள்.

நான் நர்ஸ். ஆண்கள் வார்டு. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் என்னைப் பட்டாசு என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

முறை என்னவோ நல்ல முறைதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். நோயாளியின் கையில் கோடு அச்சடித்த பட்டை, மருந்து உறையிலும் கோடு. மருந்து வண்டியைப் படுக்கைக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய் முதலில் பட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும், பிறகு மருந்தை. இரண்டும் பொருந்தினால் வண்டியிலிருக்கும் கம்ப்யூட்டரில் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. ஆள் மாறி மருந்து போகவே போகாது. ஏட்டளவில் எல்லாம் அழகுதான்.

எங்கள் வார்டில் இரண்டு படுக்கைக்கு நடுவே மனுஷி போவதென்றாலே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். கூட்டம் அதிகம் என்று வரிசைக்கு ஒரு படுக்கை கூடுதலாகச் செருகியிருந்தார்கள். அந்த இடுக்கில் வண்டி எங்கே நுழையும்? வண்டியைக் கால்மாட்டில் நிறுத்திவிட்டு ஸ்கேனரை இழுத்தால், அதன் வயர் நோயாளியின் முழங்கால் வரைக்கும் வரும். பட்டை இருப்பது மணிக்கட்டில். ஜன்னல் பக்கத்து வரிசையில் இன்னொரு கூத்து. அங்கே லிஃப்ட் சுவர் மறைப்பதால் சிக்னல் கிடையாது. கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், நாமும் அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நோயாளியின் மகன் ஒருநாள் பொறுமையிழந்து, "என்னம்மா, எங்கப்பாவுக்கு விலை போடறீங்களா?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டால் ஒரு இளைஞர் எடுப்பார். எப்போது கூப்பிட்டாலும் "இதோ வர்றேன் சிஸ்டர்" என்பார். வரமாட்டார். அதனால் அவருக்கு 'இதோவர்றேன்' என்றே பெயர் வைத்துவிட்டோம். எழுதிக் கொடுத்துப் பார்த்தோம், நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தோம், எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

இதற்கு நடுவில் மாதாமாதம் மதிப்பெண் வேறு. எத்தனை மருந்து கொடுத்தோம், அதில் எத்தனை ஸ்கேன் ஆனது என்று வார்டு வாரியாகக் கணக்கு எடுத்து, மாதக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டுவார்கள். முதல் மாதம் எங்கள் வார்டு சிவப்பில் கடைசி. பெரிய டாக்டர், அதாவது ஆஸ்பத்திரியின் தலைவர், அத்தனை பேர் முன்னால் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரை வெளுத்து வாங்கிவிட்டார். பாவம், அந்த அம்மா கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார். மறுநாள் ஒவ்வொரு நோயாளிக்கும் இன்னொரு பட்டை அச்சடித்தார். எல்லாவற்றையும் ஒரு திரைச்சீலை வளையத்தில் கோர்த்து மருந்து வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டார்.

அவ்வளவுதான், தலைவலி தீர்ந்தது. வண்டியை மருந்து அறை வாசலிலேயே நிறுத்திவிடுவோம். அங்கே சிக்னல் பிரமாதமாக வரும். கொத்திலிருக்கும் பட்டையை ஸ்கேன் செய்து, மருந்தை ஸ்கேன் செய்து, பச்சை வந்ததும் மாத்திரையைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தின்மேல் படுக்கை எண்ணை எழுதி ஒட்டுவோம். பிறகு தட்டில் அடுக்கிக்கொண்டு போய்க் கொடுப்போம். அடுத்த மாதமே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. பெரிய டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வார்டு வாசலில் கேடயம் வந்து ஏறியது. அதற்குப் பிறகு ஸ்கேனரைப் பற்றி எப்போது வாயைத் திறந்தாலும் ஒரே பதில்தான்: உங்க வார்டுதானே முதல், உங்களுக்கு என்ன குறை?

சரியாகச் சொன்னால், எங்கள் வாயை நாங்களே தைத்துக்கொண்டோம்.

என் ஓரகத்தியும் இதே வார்டில்தான் வேலை பார்க்கிறாள். என் கொழுந்தனின் மனைவி, வீட்டில் சின்னவள். மாடியில் அவர்கள், கீழே நாங்களும் மாமியாரும். எனக்கும் அவளுக்கும் அப்படியொன்றும் தேனும் பாலும் கிடையாது. நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள், அதையும் யோசித்துப் பேசுவாள். வேலையும் அப்படித்தான். ஆமை வேகம், ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். கொத்து வந்த புதிதில் அவள் மட்டும் கொஞ்ச நாள் வண்டியைப் படுக்கை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். காலை மருந்து மதியம் வரை இழுத்தது. எல்லோரும் முகத்தைச் சுளிக்க, அவளும் கொத்துக்கு வந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அது நடந்தது.

அன்று அவள் லீவு முடிந்து வந்த நாள். மருந்து அறை வாசலில் நின்று கிண்ணங்களைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அதே நேரத்தில் வார்டுக்குள், ஒரு படுக்கையின் ஆக்சிஜன் குழாய் வேலை செய்யவில்லை என்று, அங்கே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த வாத்தியாரை அவசரமாகப் பக்கத்துப் படுக்கைக்கு மாற்றினார்கள். அந்தப் படுக்கையிலிருந்த தச்சர் இவருடைய இடத்துக்கு வந்தார். இருவருமே முந்தின நாள் சேர்ந்தவர்கள், சின்னவளுக்கு முகம் தெரியாது. கிண்ணத்தில் படுக்கை எண்தான் இருந்தது. வாத்தியாரின் சர்க்கரை மாத்திரை தச்சரின் வாய்க்குள் போய்விட்டது. அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

கொஞ்ச நேரத்தில் தச்சருக்குத் தொப்பலாக வியர்த்தது, பேச்சு குழறியது. அதை முதலில் பார்த்தவளும் சின்னவள்தான். டாக்டரைக் கூப்பிட்டவளும் அவள், நடந்ததை அந்த இடத்திலேயே சொன்னவளும் அவள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த மாத்திரை லேசில் விடாது, இரண்டு நாள் அவரை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, கட்டிலின் கால் ஆடுகிறது, நல்ல ஆணி இல்லையா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆனால் சின்னவளுக்கு மூச்சு வரவில்லை. கம்ப்யூட்டர் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். சரியான பட்டை, சரியான மருந்து, பச்சை. கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது, அப்படியென்றால் படுக்கைப் பக்கத்தில் நின்று ஸ்கேன் செய்துவிட்டு மாத்திரையைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்திருக்கிறாள், இதைவிட அலட்சியம் உண்டா என்று எழுதினார்கள். உடனே வேலைநீக்கம், தற்காலிகமாக. அடுத்து விசாரணை. அதில் குற்றம் உறுதியானால் நர்ஸ் பதிவே போய்விடும், பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை கிடையாது.

கொத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் மாடிக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை, உனக்கு என்ன பைத்தியமா என்று கத்தினேன். கையிலிருந்த சட்டையை நீவிவிட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

"சொன்னா நீங்களும்தான் மாட்டுவீங்க அக்கா. எல்லாரும் மாட்டுவாங்க. வீட்ல ஒருத்தியாவது வேலையில இருக்கணும்ல."

எனக்கு வந்த கோபத்தில் அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தடதடவென்று இறங்கி வந்தேன். கொழுந்தன் பின்னாலேயே வந்து, நீங்க பேசினா இன்னும் மோசமாயிடும் அண்ணி என்று கெஞ்சினான். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் ஊரே கேக்குற மாதிரி கத்துவ. இதுக்கு மட்டும் வாயை மூடிக்கப் போறியா?"

எனக்கும் மாமியாருக்கும் கல்யாணமான நாளிலிருந்து எந்த விஷயத்திலும் ஒத்துப்போனது கிடையாது. அன்று ஒத்துப்போனது.

மறுநாள் கொத்தைக் கழற்றிக்கொண்டு நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். இன்சார்ஜ் சிஸ்டர் வழிமறித்து, ரிட்டயராகப் போற நேரத்துல என் தலையில மண்ணை வாரிப் போடாதேடி என்றார். மற்றவர்கள் யாரும் கூட வரவில்லை. நான் கொத்தைப் பெரிய டாக்டரின் மேசையில் வைத்து, நடப்பதை முழுக்கச் சொன்னேன். அவர் கொத்தைத் தொடக்கூட இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன உறவு என்றார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். சொந்தம்னா பாசம் இருக்கத்தான் செய்யும், அதுக்காக வேலை செய்யற கருவி மேல பழி போடலாமா, இதோ இந்த மேசையிலயே எனக்கு ஸ்கேன் பண்ணிக் காட்டினாங்களே, எவ்வளவு சுலபம் என்றார். உங்க வார்டே தொண்ணூற்றொன்பது என்றும் சொன்னார்.

மேசைக்கு வியர்க்காது சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். எப்படி விழுங்கினேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

கொத்தோடு வார்டுக்குத் திரும்பியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தொண்ணூற்றொன்பது இருக்கிற வரைக்கும் எங்கள் பேச்சு எடுபடாது. அவளைக் குற்றவாளியாக்கியதே அந்த எண்தான். கட்டு வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தேன். மருந்து அறை வாசலில் எல்லோரும் பார்க்க ஒவ்வொரு பட்டையாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இனிமேல் படுக்கையில் ஸ்கேன் ஆனால் ஸ்கேன், ஆகாவிட்டால் ஆகவில்லை என்றே பதிவு செய்வோம், பேரைக் கேட்டுச் சரிபார்த்துக் கொடுப்போம் என்றேன். மறுபடி யாராவது கொத்து கோர்த்தால் மறுபடி வெட்டுவேன் என்பதையும் சொல்லி வைத்தேன்.

அடுத்த நாட்கள் நரகம். வயரை இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டுப்போனது. முட்டி போட்டேன், குனிந்தேன், டிரிப்ஸ் கம்பிக்கு அடியில் புகுந்து வந்தேன். பட்டை நனைந்து சுருண்டிருந்தால் பஞ்சால் துடைத்து விரித்துப் பிடித்தேன். ஒருவர் தூக்கத்தில் கையை உதறியதில் என் கண்ணாடி எகிறியது. மருந்து தாமதமாகிறது என்று உறவினர்கள் சண்டைக்கு வந்தார்கள். சேர்ந்து வேலை செய்கிறவர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், உன் ஓரகத்திக்காக எங்க இடுப்பை ஏன் ஒடிக்கிற என்று நேராகவே கேட்டாள். நாளைக்கு உனக்கு நடந்தா உனக்காகவும் ஒடிப்பேன் என்றேன். அன்று மதியம் அவளே வண்டியை என்னோடு சேர்ந்து தள்ளினாள்.

எண் சரிந்தது. எண்பது, எழுபது, அதற்கும் கீழே. மேல் மாடியில் பெரிய டாக்டரின் திரையில் எங்கள் வார்டு ரத்தச் சிவப்பாக மின்னியிருக்க வேண்டும். ஒரு வருஷமாகக் கெஞ்சியும் வராத 'இதோவர்றேன்' ஓடோடி வந்தார். அவருக்குப் பின்னால் பெரிய டாக்டரே வந்தார். வந்ததும் வராததுமாக, சொந்தக்காரிக்காக வேணும்னே பண்றீங்களா, இது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயம் தெரியுமா என்று கேட்டார். வார்டே நின்று பார்த்தது.

வண்டியை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"நான் தொடலை சார். உங்க கம்ப்யூட்டர்காரரே குடுக்கட்டும். நான் மாத்திரையை மட்டும் எடுத்துத் தர்றேன்."

இளைஞருக்கு உற்சாகம். வாசலோரம் இருந்த முதல் படுக்கையில் 'பீப்', பச்சை. பெரிய டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொல்லி மாளாது. இந்தப் பாழாய்ப்போன கருவி இன்றைக்கென்று ஒழுங்காக வேலை செய்து என் மானத்தை வாங்கப் போகிறதா என்று மனசுக்குள் அதைத் திட்டினேன். இரண்டாவது படுக்கையிலும் நாலைந்து முறை காட்டியபின் பச்சை வந்துவிட்டது. அடுத்த படுக்கையில் நோயாளி பட்டை கட்டிய கையின் மேலேயே படுத்திருந்தார். எழுப்பித் திருப்பிப் படுக்க வைத்தோம். அதற்கடுத்தவருக்குக் கை வீங்கிவிட்டதால் பட்டை கணுக்காலில் இருந்தது, கணுக்கால் போர்வைக்குள் இருந்தது. இளைஞருக்கு வியர்க்க ஆரம்பித்தது.

அப்புறம் ஜன்னல் வரிசை. அங்கேதான் தச்சர் இருந்தார். வண்டி இடுக்கில் நுழையவில்லை. வயர் முழங்கால் வரைக்கும் வந்தது. இளைஞர் ஒரு காலைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, எக்கி, ஒரு கையால் டிரிப்ஸ் கம்பியை விலக்கி, மறு கையால் ஸ்கேனரை நீட்டினார். வண்டி சாய்ந்து அதன் மேலிருந்த தண்ணீர் ஜாடி அவர் காலிலேயே கவிழ்ந்தது. ஒருவழியாகப் பட்டையின் மேல் வெளிச்சம் விழுந்தது. கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் வண்டியை வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் சிக்னல் பிடித்துவிட்டுத் திரும்பவும் வந்தார். வந்ததும் திரும்பவும் வட்டம்.

தச்சர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, மாத்திரை இன்னைக்கா, நாளைக்கா?"

இளைஞர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். உண்மையிலேயே உதவி செய்ய வேண்டும் என்ற முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படறீங்க? இந்தப் பட்டையிலயே இன்னொரு காப்பி அடிச்சு வண்டியில வெச்சுக்கிட்டா ஈஸியா இருக்குமே."

இன்சார்ஜ் சிஸ்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இளைஞர் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பாவம் அவருக்குத் தெரியவில்லை. பெரிய டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அதைத்தான் சார் அவளும் செஞ்சா" என்றேன். கொத்து தொங்கிய வண்டிக் கைப்பிடியைக் காட்டினேன். "அரை மணி நேரம் கஷ்டப்பட்டதுக்கு இவருக்கே தோணுது. நாங்க தினம் படறோம்."

பெரிய டாக்டர் இரண்டு கட்டிலுக்கும் நடுவே போய் நின்று பார்த்தார். அவருக்கும் ஒருக்களித்துத்தான் நிற்க முடிந்தது. பிறகு, இது எவ்வளவு நாளா நடக்குது என்று கேட்டார்.

"கேடயம் வந்த நாள்லேர்ந்து சார்."

விசாரணையில் இன்சார்ஜ் சிஸ்டரே எழுந்து, முதல் கொத்தைக் கோர்த்தது நான்தான் என்று சொன்னார். அந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்ததோ. மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். சின்னவளுடைய பதிவு தப்பியது, வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அவள் பெயரில் மட்டும் ஒரு எச்சரிக்கை எழுதி வைத்துவிட்டார்கள். கட்டிலைச் செருகியவருக்கு எச்சரிக்கை இல்லை, குட்டை வயர் வாங்கியவருக்கு இல்லை, ஒரு வருஷம் 'இதோ வர்றேன்' சொன்னவருக்கும் இல்லை. நான் குதித்தேன். விடுங்க அக்கா, வேலை கிடைச்சுதே என்று சின்னவள்தான் என்னை அடக்கினாள்.

எங்கள் வார்டுக்கு வயரில்லாத ஸ்கேனர் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் கருவி, போர்வைக்குள் கூட விட்டுப் படிக்கலாம். ஜன்னல் பக்கச் சுவரில் சிக்னல் பெட்டி ஏறியது. கூடுதல் கட்டில்களை எடுத்தார்கள். நனைந்தாலும் சுருளாத பட்டை வந்தது. கிண்ணத்தில் படுக்கை எண் எழுதும் பழக்கம் ஒழிந்தது, மாத்திரையை நோயாளியின் முன்னால்தான் உறையிலிருந்து பிரிக்க வேண்டும். 'இதோவர்றேன்' கூட இப்போது நிஜமாகவே வருகிறார். போன வாரம் சின்னவள் ஒருவருக்கு மருந்து கொடுக்கப் போனபோது சிவப்பு வந்தது. பக்கத்து ஆளின் மாத்திரை கைமாறி வந்திருந்தது. அவள் மாத்திரையை அப்படியே வண்டியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

மாதக் கூட்டம் வந்தது. புதிதாகப் பழகுவதால் எங்களுக்கு எண்பத்துச் சொச்சம்தான். கேடயத்தைக் கழற்றி எடுத்துப்போய் மேல் மாடிப் பெண்கள் வார்டுக்குக் கொடுத்தார்கள். தொண்ணூற்றொன்பது. பெரிய டாக்டர் கைகொடுத்தார், எல்லோரும் தட்டினார்கள். அந்த வார்டில் இருப்பது அதே பழைய வண்டி, அதே குட்டை வயர். புதுக் கருவி சிவப்பில் இருக்கும் வார்டுக்குத்தானே கிடைக்கும், முதல் இடம் வாங்குகிறவர்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த மனுஷர் எங்கள் ஜன்னல் வரிசையில் ஒருக்களித்து நின்றவர்தானே? அதற்குள் மறந்துவிட்டதா? பக்கத்தில் திரும்பினேன். சின்னவள் மட்டும் கைதட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் அவள் மாடிப்படி ஏறினாள். நானும் பின்னால் போனேன். பெண்கள் வார்டின் மருந்து அறை வாசலில் வண்டி நின்றது. கைப்பிடியில் கொத்தாகப் பட்டைகள் தொங்கின. எங்களுடையதைவிடச் சுத்தமாக, படுக்கை வரிசைப்படி கோர்த்து வைத்திருந்தார்கள். அங்கிருந்த நர்ஸ், என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தாள்.

பத்து வார்த்தைக்கு ஒன்று பேசுகிறவள், கையை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, கத்தரிக்கோல் குடுங்க."